வெயிலில் காய்ந்த கட்டைகள்

வானூர்ப் பக்கம் கரண்ட் எட்டாத ஒரு குடியிருப்பில், ஊருக்கென்று கொடுத்த ரேடியோ செசிலியின் பொறுப்பில் இருந்தது. புதன்தோறும் பகல் ஒரு மணிக்கு, வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் பெண்கள் சாப்பாட்டு வேளையில் வந்து வானொலிப் பாடம் கேட்பார்கள். பேட்டரிக் கட்டைகள் சோர்ந்துபோனால் செசிலி வெயிலில் காயவைத்துப் போடுவாள். இன்னும் ஒரு வாரம் ஓடும்.

அந்தப் புதனன்று பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள். "நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்" என்றது குரல். தனகோடியின் கைக்குழந்தை மூன்று நாளாகப் பேதியில் துவண்டு கிடந்தது. பாடம் முடியுமுன்பே அவள் எழுந்து ஓடினாள்.

மறுநாள் காலையில் வந்து சொன்னாள்: "பால் குடிச்சிக்கினு சிரிக்குதுக்கா. ஒங்க ரேடியோதான் காப்பாத்துச்சு."

அவள் போனபிறகுதான் செசிலிக்கு நினைவு வந்தது. புதன் காலையில் காயவைத்த நாலு கட்டைகளும் இன்னும் ஓட்டின்மேல்தான் இருந்தன. ரேடியோவின் பின்மூடியைத் திறந்தாள். காலி.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. அடுத்த புதன், கட்டைகளைப் போடாமலே எல்லோர் நடுவிலும் ரேடியோவை வைத்துத் திருகினாள்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பிறகு அதே குரல் கேட்டது: "குழந்தை இப்போது எப்படி இருக்கிறது, தனகோடி?"