ஐந்நூறாவது ஆள்

பதினேழு.

அவள் மறுபடியும் எண்ணினாள். பதினேழுதான்.

நான்கு மணிக்கு மாணவர் பட்டியல், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வேலை தேடும் இணையதளத்தில் அவர்கள் தொடங்கிய பக்கத்தின் முகவரி இருக்கும். அங்கே யாரோ ஒருவர் அதைத் திறப்பார். அவளை நேரில் பார்ப்பதற்கு முன்பே அங்கே அவளைப் பார்த்துவிடுவார்.

இப்போது மூன்று இருபது.

கணினிக் கூடத்தில் அறுபது பேர். செருப்புகள் எல்லாம் வாசலில் கிடந்தன. ஏசியில் தரை சில்லிட்டிருந்தது. திரையில் இருந்த அவள் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். படம் எடுப்பதற்கென்று வகுப்புக்கே இருந்த ஒரே கோட்டு. மேசைக்குக் கீழே, ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி ஒடுங்கிக்கொண்டது.

பிளேஸ்மென்ட் சார் ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தபடி வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மவுஸைத் தானே வாங்கி உருட்டினார்.

"போட்டோ ஓகே. சர்டிபிகேட் ஓகே. தொடர்புல ஐந்நூறு பேர், ஓகே."

பிறகு நிறுத்தினார்.

"'சாப்புட்டியா கண்ணு'. யாரும்மா இது?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் போட்ட ஒரு படத்துக்குக் கீழே இருந்த அந்த வரிக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு படம். லாரியின் முகப்பு.

"தெரிஞ்சவர் சார்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரிஞ்சவர்னா போன்ல விசாரிக்கச் சொல்லு. ஹெச்ஆர் பாத்தா சிரிப்பாங்க. இந்த மாதிரி இருக்கிற எல்லாத்தையும் எடுத்துரு. இல்லேன்னா உம்பேரு லிஸ்ட்ல போகாது."

அவர் அடுத்த திரைக்குப் போனார்.

தெரிஞ்சவர்.



"விடுடி," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து யோகப்பிரியா கிசுகிசுத்தாள். "எங்க சித்தப்பா நான் போட்டதுக்கெல்லாம் ரோஜாப்பூ வெச்சிருக்காரு. என் பேஜைப் பாத்தா சமாதி மாதிரி இருக்கு."

அப்பாவை அந்தத் தளத்தில் சேர்த்தது அவள்தான்.

தொடர்பில் ஐந்நூறு பேராவது வேண்டும் என்று போன வருடம் கல்லூரியில் சொன்னார்கள். அவளுக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது. அப்பா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய போனை வாங்கி அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். என்ன வேலை என்று கேட்ட கட்டத்தில் லாரி டிரைவர் என்று எழுதவில்லை. லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதினாள்.

ஓர் எண்ணுக்காகத்தான்.

அவருக்கு அது தெரியாது. பகலில் மகள் இருக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டார். வகுப்பு நேரத்தில் போனை எடுக்க மாட்டாள். இங்கே வந்தால் பார்க்கலாம்.

'நாக்பூரு தாண்டியாச்சு. இங்க மழை.'

நிச்சயமாக அழிக்கவா என்று தளம் கேட்டது.

ஆம்.

'ஏங் கண்ணு எல்லாத்துலயும் பின்னாலயே நிக்கற. முன்னால வந்து நில்லு.'

கருத்தரங்கில் எடுத்த படம் அது. கடைசி வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால், அவள் பாதி முகமாக இருந்தாள்.

நிச்சயமாகவா?

ஆம்.

ஆளை நீக்க வேண்டியதில்லை. நீக்கினால் ஐந்நூறில் ஒன்று குறைந்துவிடும். ஆள் இருக்கலாம். பேச்சுதான் கூடாது.

மூன்று நாற்பதுக்கு அப்பா எழுதிய பதினேழு வரிகளும் போய்விட்டன.

மடியில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. அப்பா. ராய்ப்பூரில் ஒரு குடோன் வாசலில் இரண்டு நாளாக லாரிகளின் வரிசையில் நிற்கிறார். போனைத் தவிர வேறு எங்கே போவார்?

அவள் எடுக்கவில்லை. அதிர்ந்து ஓய்ந்தது.

காலையில் போட்ட சான்றிதழுக்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்தது.

'நா எழுதுனதையெல்லாம் காணமே கண்ணு. போன் கோளாறா?'

சார் நான்கு வரிசை தள்ளி நின்றிருந்தார். திரும்பினால் தெரியும்.

அதையும் அழித்தாள்.

இதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். கண்ணெதிரே மறைந்திருக்கும்.

போன் மறுபடி அதிரவில்லை.

மூன்று நாற்பத்தைந்து. ஐம்பது. அவள் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தாள். எதுவும் வந்துவிடக் கூடாது. எதுவும் வராமல் இருந்தது இன்னும் பயமாக இருந்தது. எங்கோ வெயிலில், அசையாத லாரிகளுக்கு நடுவே, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை குனிந்திருந்தது. அவளால் அதன் முகத்தை வரவழைக்க முடியவில்லை.

மூன்று ஐம்பத்தாறு.

ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில்.

'கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்.'

யாரென்று உடனே புரியவில்லை. வட்டத்துக்குள் லாரி இல்லை. படம் வைக்காதவர்களுக்குத் தளம் கொடுக்கும் சாம்பல் நிற உருவம் இருந்தது. பக்கத்தில் அப்பாவின் பெயர்.

முதல் சொல் தளமே தயாராக வைத்திருப்பது. தொட்டால் விழுந்துவிடும்.

மேடம் என்பதை அவர்தான் தட்டியிருக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி.

"ம், இதுதான்." சார் மறுபடியும் அவள் பின்னால் நின்றிருந்தார். கையில் பட்டியல். பேனா அவள் பெயருக்கு மேல் காத்திருந்தது. "இப்படித்தான் இருக்கணும். இதை எடுத்துறாத."

அறுபது திரைகளைப் பார்த்துவிட்டு வந்த கண்கள். அவருக்கு எதுவும் நினைவில்லை. குனிந்து பெயரைப் படித்தார்.

"செங்கோடன். லாஜிஸ்டிக்ஸ். யாரும்மா, கம்பெனி ஆளா?"

முன்வரிசையில் தலைகள் திரும்பின.

திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டிவிடலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். வெறும் பாதங்கள் இரண்டும் குளிர்ந்த தரையில் பதிந்தன.

எழுந்து நின்றாள்.