கணுவுக்கு மூன்று இலை

ஜெபதாஸ் ஸ்டூலின் மேல் ஏறி நின்று கண்ணாடிச் சுவரில் குமிழ் பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டிருந்தபோது, நைட் டியூட்டி முடிந்த நர்ஸ் உடுப்போடு அவர் மனைவி ஜெயலீலா உள்ளே வந்தாள்.

1983 டிசம்பர் இருபத்து நாலு, காலை. ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் குழாய்த் தண்ணீரே உறைந்து கிடந்தது. கொல்லைப்புறத்து இந்தக் கண்ணாடி அறைக்குள் மட்டும் சித்திரை மாதம்.

ஷூவைக் கழற்றினாள். மல்லிகைத் தொட்டியை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்தாள். தினமும் இப்படித்தான்.

கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. குமிழ்களுக்குள் புகுந்த வெயில் அவள் முகத்தில் வட்ட வட்டமாக ஊர்ந்தது. வெளியே வேலியும் மரமும் இருந்த இடத்தில் வெறும் வெண்மைதான் தெரிந்தது.

பிள்ளை பிறந்த வாரம் வைத்த மல்லிகை அது. பிள்ளை நாலு மாசம்தான் இருந்தாள். மார்ச்சில் போய்விட்டாள்.

அதிலிருந்து ஜெயலீலாவுக்குக் கட்டிலில் தூக்கம் கிடையாது. மாத்திரைக்கும் வரவில்லை, ஜெபத்துக்கும் வரவில்லை. எப்படியும் விழித்துத்தானே கிடக்கப் போகிறோம் என்று நைட் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இந்தச் செடியின் பக்கத்தில் மட்டும், பகலில் ஒரு நாலு மணி நேரம் கண் அசரும். அந்த நாலு மணி நேரத்தில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் ஜெபதாஸ் பேய் பிடித்தவர் மாதிரி உழைத்தார். ரிஃபைனரியில் நீராவிக் குழாய்களுக்குப் போர்வை சுற்றுகிற இன்ஜினியர், மாலை ஷிஃப்ட். பகல் முழுக்க இங்கேதான். பகல் வெயிலை வாங்கி வைத்து ராத்திரி மெல்ல விடுவதற்கு, கறுப்பு பெயின்ட் அடித்த பீப்பாய்களில் தண்ணீர். இண்டு இடுக்கெல்லாம் டேப். மனுஷருக்கு வீடு, மல்லிகைக்கு பங்களாவா என்று சர்ச்சில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

ஆனால் ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள், நனைந்த தட்டி வழியாகக் காற்றை இழுக்கும் விசிறியைப் போட மறந்து வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் செடி அப்பளமாகப் பொரிந்திருந்தது. அவள் டியூட்டியிலிருந்து வருவதற்குள் ஹூஸ்டனுக்கு ஓடி, அதே உயரத்தில் ஒரு மல்லிகை வாங்கி வந்து, அதே தொட்டியில், அதே மண்ணில் நட்டார். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு திரிகிறார். தெரிந்தால் அந்த நாலு மணி நேரமும் போய்விடும்.

ஜெயலீலா கண்ணை மூடியபடியே கையை நீட்டினாள். விரல் தண்டின் மேல் மெதுவாக ஏறியது. நாடி பார்த்துப் பழகிய விரல்.

"பழைய செடியில கணுவுக்கு ரெண்டு இலை. இதுல மூணு."

தூக்கக் குரல்தான். கோபம் இல்லை.

ஜெபதாஸின் கையில் டேப் அந்தரத்தில் நின்றது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். ஆகஸ்டிலேயே என்றாள்.

நாலு மாசமாக யாருக்கோ பிறந்த ஒரு செடியின் பக்கத்தில் இவள் தெரிந்தேதான் தூங்கியிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ இங்க மட்டும் எப்படி லீலா தூக்கம் வருது?"

கையிலிருந்த டேப்பை ஒட்டி முடித்தார். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தார்.

"நீங்க முழிச்சிருக்கீங்கல்ல" என்றாள். புரண்டு படுத்தாள். மூச்சு சீராகியது.

ஜெபதாஸ் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. சத்தமில்லாமல் அழுதார்.

பிள்ளையின் மூச்சு நின்ற அந்த ராத்திரி, தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக, இரண்டு பேருமே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.