ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு?

ஆறு வயது கவிஷாவின் கருமக் காரியம் முடிந்த பிறகும் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான விமலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்காகத் தோட்டத்துக் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். ரெம்பாவ் பசார் சந்தையில் வெயிலில் நின்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்றவளும் அவள்தான். அப்படிச் சேர்த்துக் கொடுத்த பணத்தைத் தகப்பன் ஹேமநாதன் தொடவே இல்லையாம்!

மோட்டார் சைக்கிளை நிறுத்திய வேகத்தில் அவன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

“ஏன்டா தம்பி, நெசமா? காசு அப்படியே இருக்காமே?”

“இருக்குக்கா.”

“கல்நெஞ்சுக்காரா! மூளையில கட்டியோட பிள்ளை என்னா பாடு பட்டுச்சு. சிங்கப்பூருக்குத் தூக்கிட்டு ஓடியிருக்க வேணாமா?”

“சிங்கப்பூர்லயும் கேட்டேன், இந்தியாவுலயும் கேட்டேன்.”

“கேட்டா ஆச்சா? இப்ப அத ஏதோ ஆராய்ச்சிக்குக் குடுக்கப் போறியாம்ல?”

“ஆமாக்கா. பிள்ளைங்களுக்கு வர்ற புற்றுநோய் ஆராய்ச்சிக்கு.”

“போன பிறகு என்னாடா ஆராய்ச்சி? அப்பவே நல்ல மருந்தா வாங்கிக் குடுக்கறதுதானே லா! காசுதான் இருந்துச்சே!”

ஹேமநாதன் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“காசு இருந்துச்சுக்கா. அந்தக் கட்டிய கரைக்கிற மருந்தத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. தேடுறவங்ககிட்டயாவது காசு இருக்கட்டும்.”