எட்டாவது படம்

“கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? நேரம் சொல்லுங்க சார்.”

அவசரப் பிரிவின் சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது.

அவர் மூன்று மணி என்றார்.

மூன்று மணிக்குத்தான் காபி கேட்டார். உள்ளறையில் படுத்திருந்த மனைவி கோமளா எழுந்து வரும்போது கதவருகே சரிந்தாள். இடது கையும் இடது காலும் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

“அது விழுந்த நேரம். படுத்திருக்கும்போதே வந்திருக்கலாம். நல்லா பேசி, சிரிச்சு, ரெண்டு கையையும் தூக்கினதை எப்பப் பாத்தீங்க?” இளம் டாக்டர் நிதானமாகக் கேட்டார். “மூளை ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்ல. அடைப்புதான். ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஊசி போட்டுக் கரைக்கலாம். தாண்டிருச்சுன்னா போடக் கூடாது. உயிருக்கே ஆபத்து.”

நர்ஸ் ஊசித் தட்டோடு நின்றாள்.

அவள் கை தூக்கியது காலையில்.

அவர் போனை எடுத்தார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு அவர்தான் ஓவியர். நாயகி யாராக இருந்தாலும் முதலில் கோமளா நடித்துக் காட்டுவாள். அவர் போட்டோ எடுப்பார். அதைப் பார்த்து வரைவார். வயதை மட்டும் குறைத்துக்கொள்வார்.

இந்த வாரம் நாயகி கிணற்றில் விழுகிறாள். மேலே நிற்பவனைப் பார்த்துக் கை நீட்டுகிறாள்.

காலையில் வெளி மாடிப்படியின் கீழ்ப்படியில் கோமளாவை நிறுத்திவிட்டு, மேல்படியிலிருந்து எடுத்தார்.

“போன வாரம் தாலிய அறுத்தீங்க. இந்த வாரம் கிணத்துல தள்ளியாச்சு. அடுத்த வாரமாச்சும் ஒரு பட்டுச்சேலை கட்டி உக்கார வைங்க.”

முதல் படம். 11.09. அதில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது. சிரிப்பை அடக்கியிருந்தாள். இடது கை நேராக அவரை நோக்கி நீண்டிருந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் ஒரே மட்டம்.

ஏழாவது எடுத்ததும் சொன்னாள், “ஏங்க, கை மரத்துப் போச்சு.”

வெகுநேரம் தூக்கிய கை யாருக்கும் மரத்துப் போகும்.

“இன்னும் கொஞ்சம்தான். அசையாத.”

எட்டாவது படம். 11.16.

கை சற்றே தாழ்ந்திருந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. இடது உதட்டோரம் ஒரு நூல் அளவு கீழே இறங்கியிருந்தது.

“பிரமாதம். அப்படியே இரு” என்று மேல்படியிலிருந்து சொன்னது ஞாபகம் வந்தது.

அப்படியே இருந்தாள். இன்னும் நான்கு படங்களுக்கு.

முடிந்ததும் எப்போதும் போனைப் பிடுங்கிப் பார்ப்பாள். நான் என்ன இவ்வளவு குண்டா என்று சண்டை போடுவாள். இன்று பார்க்கவில்லை. தலை கனக்கிறது, படுக்கிறேன் என்றாள். பேச்சு குழறியது. வெயில் என்று நினைத்தார்.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எட்டாவது படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைந்தார். அந்த உதட்டோரம் மட்டும் பிடிபடவில்லை. மூன்று தடவை அழித்தார். நான்காவது தடவை அச்சாக வந்தது. இருபத்தாறு வருடத்தில் பயத்தை இவ்வளவு சரியாக வரைந்ததில்லை என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் காபி கேட்டார்.

கட்டிலிலிருந்து கோமளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் விரிப்பைப் பிடித்திருந்தது.

மூன்று மணி என்பது இன்னும் டாக்டரின் தாளில் இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டால் ஊசி போடுவார்கள்.

உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்கள்.

“சார், நேரம் போகுது.”

அவர் போனை நீட்டினார்.

டாக்டர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனார். எட்டில் நின்றார். ஏழுக்குத் திரும்பினார். மறுபடி எட்டு. ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

“இதுல ஆரம்பிச்சிருச்சு” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். “நாலரை மணி நேரம் மூணே முக்காலோட முடிஞ்சுபோச்சு சார். இனிமே மாத்திரையிலதான் பாக்கணும்.”

நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மூன்று மணியை அடித்துவிட்டு 11.16 என்று எழுதினார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது திரையை ஒருமுறை பார்த்தார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் சார் ஹார்ட் போட்டு வச்சிருக்கீங்க?”