எல்லைக்கல் நின்ற இடம்

"இந்த வீட்டை இடிச்சே ஆகணும், சர்வேயர் சார்!"

தையல்காரம்மா பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. எட்டிப் பார்த்தாள்.

எதிர்ச்சாரி மாடிவீட்டுக்காரர். பழமைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். அவள் சுவரோரம் கிடந்த கல்லுக்கு மாலை போட்டு, சங்கத்தார் ஆளுக்கொரு பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முந்நூறு வருஷத்து நகர எல்லைக்கல்! சுத்தி முப்பது அடிக்குக் கட்டடமே இருக்கக் கூடாதுன்னு சட்டம். இந்தம்மா அது மேல துணி காயப்போடுது!"

"கல்லுன்னு நினைச்சேங்க. வரலாறுன்னு தெரியாதுங்க."

"தெரியாதுன்னா ஆச்சா? பதினாலு வருஷமா எதிர்ல இருக்கேன், நானே போன மாசம்தான் கண்டுபிடிச்சேன்!"

"இந்த ஒத்தை ரூமை விட்டா நானும் என் பொண்ணும் எங்கேங்க போவோம்?"

"வரலாற்றுக்காகத் தியாகம் பண்ணணும்மா, தியாகம்!"

சங்கத்தார் கை தட்டினார்கள்.

சர்வேயர் குனிந்து கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ரோடு போட்டப்போ பிடுங்கிப் போட்ட கல்லு சார் இது. முதல்ல நின்ன இடத்தைக் கண்டுபிடிச்சு நடணும். அங்கேருந்துதான் முப்பது அடி."

"தாராளமா அளங்க!"

பழைய வரைபடம் விரிந்தது. பாலத்து மூலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடியில் கல் என்று அதில் குறித்திருந்தது. டேப்பின் நுனியைப் பிடிக்க ஆளில்லை. வெயிலுக்குப் பயந்து சங்கத்தார் நிழலில் ஒதுங்கிவிட்டார்கள். தையல்காரம்மாவே பிடித்தாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோமோ என்று நினைத்தபடியே நடந்தாள்.

நூறு நூறு அடியாக அளந்து வந்தார்கள். டேப் அவள் வீட்டைத் தொடவில்லை. குறுக்கே தெருவைக் கடந்தது. மாடிவீட்டு கேட்டுக்குள் நுழைந்தது. கார் ஷெட்டைத் தாண்டி, ஹாலுக்குள் போய், சோபாவுக்கு அடியில் நின்றது.

"இங்கேதான் சார் கல்லு நின்னிருக்கு," என்றார் சர்வேயர். "இங்கேருந்து முப்பது அடிக்குள்ள அந்தம்மா வீடு வராது. உங்க வீடு மட்டும்தான்."

போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

தலைவர் சர்வேயரின் தோளில் கை போட்டுத் தள்ளி அழைத்துப் போனார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவுக்கு நன்றாகவே கேட்டது.

"வரலாறு கிடக்குது, விடுங்க சார். அதுக்காகக் குடியிருக்கிற வீட்டை இடிக்கிறதா? மனிதாபிமானம்னு ஒண்ணு வேண்டாமா?"