காதோரக் கதிர்வீச்சு

"அந்தக் கதிர்வீச்சு மூளைக்கு ஆகாதாம். கழற்றி வைங்க."

"போனைவிட இதுல கம்மிதான். கெடுதல்னு யாரும் நிரூபிக்கலைம்மா."

மகள் இறந்த மறுமாதம், கணவர் ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கிவந்த அன்று நடந்த பேச்சு அது. அதன்பிறகு அவர் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் துணி மடித்தபடி அவள் தனக்குத்தானே மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

இன்று பயம் தாளாமல் ஹெட்போனை அதன் அட்டைப்பெட்டியில் போட்டு ஒளித்துவைக்கப் போனாள். பெட்டிக்குள் சார்ஜர், உறை பிரிக்காமல் கிடந்தது.

"ஒருநாள்கூட சார்ஜ் போடலையா? பாட்டு கேக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்."

அவர் தலைகுனிந்தார். "எனக்குக் கேக்காதுன்னு நினைச்சாத்தானே நீ அவளைப் பத்திப் பேசுற."

அவள் ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"இனிமே என் முகத்தைப் பார்த்தே பேசும்மா. எனக்கும் அவளைப் பத்திப் பேசணும்."