நாற்பத்தொன்றாவது ஆள்

"ஒரு ஆளைக் குறைச்சு எழுதினா குடியா முழுகிடும், மாமா?"

மச்சினன் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

"கணக்கெடுப்புடா! கத்திரிக்காய் வியாபாரமா, பேரம் பேச?" என்று பதிலுக்குக் கத்தினார் வரைபடக்காரர். நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை என்றால் சும்மாவா!

நாற்பது பேருக்கு மேல் குடியிருக்கும் தெருவில் மாடி கட்டக்கூடாது என்கிறது புதிய திட்டம். அவர்கள் தெருவில் நாற்பத்தொரு பேர். மாடி இல்லையென்றால் பெண் இல்லை என்று எதிர்வீட்டார் சொல்லிவிட்டதால், மச்சினனின் கல்யாணமே தொங்கலில் நின்றது.

மறுநாள் வரைபடக்காரர் மனம் இளகி, படிவத்தில் நாற்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் நல்ல சேதியோடு வீட்டுக்கு வந்தார். "எங்கே உன் தம்பி?"

"எனக்கு ஏதுங்க தம்பி?" என்று மனைவி சிரித்தாள்.

கொடியில் அவன் சட்டை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணைத் திருத்தலாம் என்று அவர் அலுவலகத்துக்கு ஓடினால், திட்டம் கையெழுத்தாகிப் போயிருந்தது.

மாடிக்கு அனுமதி வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணை வெளியூர்க்காரர் ஒருவர் கட்டிக்கொண்டார். வண்டி ஏறும்போது அவள் வரைபடக்காரரிடம் மட்டும் மெல்லக் கேட்டாள்: "அண்ணே, உங்க வீட்டுல இன்னொருத்தர் இருந்தாரில்ல?"

"இல்லம்மா" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.